ஹாஃபிஸா வண்டி

உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் மல்லுக்கட்டலாம். பங்குக்கு நிற்கலாம், முடியைப் பிடிக்கலாம், ஒன்றும் முடியாவிட்டால் வாசலில் நின்று வாய் ஓய்கிற மட்டும் ஏசலாம். செத்துப் பதினெட்டு வருசம் கழித்தும் வீட்டு வாசலில் ஒரு காராக நின்றுகொண்டிருப்பவளை என்ன செய்வது? பைரோஜாவுக்கு வாய்த்த மூத்தாள் அப்படிப்பட்டவள்.

கார், ஃபியட். அறுபத்து மூன்றாம் வருசத்து மாடல். வெளிர்நீலம். சாத்தூரில் வத்தல் மண்டி வைத்திருந்தவர் தன் ஒரே மகள் ஹாஃபிஸாவைச் சிவகாசிக்குக் கட்டிக்கொடுத்தபோது, தான் ஓட்டிக்கொண்டிருந்த காரையும் மகள் பேருக்கு மாற்றிக் கூடவே அனுப்பிவைத்தார். மூன்று வருசத்தில் ஹாஃபிஸா மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். கைக்குழந்தை யாஸ்மினைத் தோளில் போட்டுக்கொண்டு திகைத்து நின்ற அசன் முகம்மதுவுக்கு, நாலு மாசம் கழித்து அதே தெருவிலிருந்து பைரோஜாவை முடித்துவைத்தார்கள். அவளுக்கு அப்போது பதினேழு வயசு.

கல்யாணம் ஆகி இத்தனை வருசம் ஆகியும் ஊருக்கு அது 'ஹாஃபிஸா வண்டி'தான். பள்ளிவாசல் மோதினார், "ஹாஃபிஸா வண்டி நிக்கிதே, பாய் உள்ளதான இருக்காரு?" என்று கேட்டுக்கொண்டு வருவார். பெட்ரோல் பங்க்கில் அப்படித்தான், ஒர்க்‌ஷாப்பில் அப்படித்தான். பைரோஜா அதில் ஏறி உட்கார்ந்து போனாலும், "ஹாஃபிஸா வண்டில பாய் சம்சாரம் போகுது" என்பார்கள். அவளுக்கு வயிறு காந்தும். வெளியில் சொல்ல முடியுமா? செத்தவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று ஊர் சிரிக்காதா?

இந்தப் பொறாமை கல்யாணத்துக்குப் பிறகு வந்ததும் இல்லை. பைரோஜாவுக்குப் பதினாலு வயசாக இருக்கும்போது, தெரு அடிபம்பில் குடத்தை வைத்துக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம் அந்தக் கார் வந்து நின்றது. கதவு திறந்து புதுப்பெண் இறங்கினாள். மருதாணி போட்ட கை, சரிகை முந்தி, அத்தர் வாசம். தண்ணீர் குடத்தில் நிறைந்து வழிந்து காலை நனைத்தும் பைரோஜா பம்பை விடவில்லை. அல்லாவே, எனக்கும் இதெல்லாம் குடு என்று மனசுக்குள் கேட்டாள். எந்தக் குமரியும் கேட்கிறதுதான். அவன் கொடுத்தான். அதே மாப்பிள்ளை, அதே வீடு, அதே கார். கட்டிலும் அதே கட்டில். விளக்கப் போட்ட பித்தளைச் சட்டியைத் திருப்பினால் அடியில் 'ஹாஃபிஸா' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். கேட்டது எல்லாம் கிடைத்தது, எல்லாமே வேறொருத்தி பிரித்து எடுத்துவிட்டுப் போட்டதாகக் கிடைத்தது.

அந்த வருசம், இரண்டாயிரத்து ஆறில், தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன. நோன்பு வைத்துக்கொண்டே சீசன் லோடு ஏற்றியதில் அசன் முகம்மது பாதியாக மெலிந்திருந்தார். அவருக்குப் பழைய பேப்பர் வியாபாரம். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத்தாள், ஆபீஸ் ஃபைல், பழைய தினசரி என்று லாரி லாரியாக வந்து இறங்கும். அதைத் தரம் பிரித்து, வெடிக்குக் குழாய் சுற்ற நாரணாபுரத்துக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் அனுப்புவார். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட குடோன். அங்கே பொம்பளை ஆட்களோடு உட்கார்ந்து பேப்பர் பிரிப்பது பைரோஜாவின் பொறுப்பு. எந்தத் தாள் விறைப்பு, எந்தத் தாள் இளசு என்று விரலில் தடவியே சொல்லிவிடுவாள். கம்பெனிக்காரர்கள் அவள் பிரித்த கட்டு என்றால் அவிழ்த்துப் பார்க்க மாட்டார்கள்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனி எல்லாம் பூட்டிக் கிடந்தது. மழை பிடித்துக்கொண்டது. கட்டுகள் நனையாமல் இருக்கப் பலகை மேல் ஏற்றி வைத்துவிட்டு, பைரோஜாவும் சின்னத்தாயும் மூக்கம்மாளும் குடோனில் உட்கார்ந்து பரீட்சைத்தாள் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏக்கா, இங்கன பாருங்க," என்று சின்னத்தாய் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள். "நூத்துக்கு நாலு வாங்கிருக்கான். இவன் பேப்பரச் சுத்துனா வெடி வெடிக்குங்கீக?"

"நாலும் கையெழுத்துக்குப் போட்டுருப்பாக," என்றாள் மூக்கம்மாள்.

வாசலில் கார் இருமுகிற சத்தம் கேட்டது. இருமியது, விக்கியது, நின்றுபோனது. மறுபடி இருமியது. மழை என்றால் அந்த வண்டிக்கு ஆகாது. பத்து நிமிசம் இப்படியே நடந்தது.

"பாவம், ஹாஃபிஸாம்மா வண்டிக்கு வயசாயிருச்சு," என்றாள் சின்னத்தாய். "அந்தப் புண்ணியவதி இருந்தா இப்புடி விட்டுருப்பாகளா? தொடச்சுத் தொடச்சு வச்சிருப்பாக."

"நீ பாத்தியோ?" என்றாள் பைரோஜா.

"நான் எங்கன பாத்தேன்? சொல்லுவாகல்ல."

"சொல்லுறவுகளத் தொடைக்கச் சொல்லு. நீ பேப்பரப் பிரி."

பைரோஜா கையிலிருந்த கட்டில் இளசையும் விறைப்பையும் கலந்து போட்டுவிட்டாள். அவளுக்கு அது அபூர்வம்.

வாசலில் அசன் முகம்மதுவோடு மெக்கானிக் கோட்டைச்சாமி நின்றான். மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டிருந்தவன், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

"பாய், சொன்னா வருத்தப்படாதீக. இனிமே இத இங்கன வச்சுப் பாக்க முடியாது. சாமான் கெடைக்கல. கோயம்புத்தூர்ல ஒரு மில்லுக்காரர் இருக்காரு. இந்த மாதிரிப் பழைய வண்டியா வாங்கி, அப்புடியே புதுசாக்கி நிறுத்தி வச்சிருக்காரு. ஓட்டுறதுக்கில்ல, பாக்குறதுக்கு. போன மாசமே என்கிட்ட ஃபியட்டு இருக்கான்னு கேட்டாரு. வாயத் தொறந்து சொல்லுங்க, வந்து பாத்து நல்ல வெலை குடுப்பாரு."

அசன் முகம்மது வண்டியை ஒட்டி வந்து நின்றார். காரின் கூரையில் வழிந்த மழைத்தண்ணீரைக் கையால் வழித்துவிட்டார். ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி அவர் தடவியது, குடோனிலிருந்து எழுந்து வந்து ஜன்னலில் நின்ற பைரோஜாவுக்கு அடிவயிற்றில் போய்ச் சுட்டது. தன்னை அப்படி ஒருநாளாவது தடவியிருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தாள். தடவியிருப்பார். இந்தக் கை அந்தக் கார் மேல் இருக்கும்போது அதெல்லாம் நினைவுக்கு வரவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"யாஸ்மினுக்கு வார மாசம் ஏழு பெறக்குது. கூட்டியாரணும். அந்த வண்டில வச்சா கூட்டியாருவீக? ஆமத்தூர்ப் பாலத்துல நின்னுச்சுன்னா, வயித்துப்புள்ளக்காரிய எறக்கித் தள்ளச் சொல்லுவீகளோ?"

"வாடகை வண்டி பிடிச்சாப் போச்சு."

"சம்பந்தி வீட்டு வாசல்ல வாடகை வண்டில போய் எறங்கவா? சொந்த வண்டி வச்சுக்கிட்டு?"

அசன் முகம்மது ரசத்தைப் பிசைந்து உருட்டிக்கொண்டே இருந்தார். உண்ணவில்லை. பிறகு, "சரி, குடுத்துருவம்," என்றார்.

பைரோஜாவுக்குக் காது கேட்டது சரிதானா என்று இருந்தது. பதினெட்டு வருசமாகக் கேட்காமல் வைத்திருந்ததை ஒருநாள் கேட்கிறாள், ஒரே வார்த்தையில் சரி என்கிறார். சந்தோசத்தில் அவருக்கு இரண்டாம் முறையும் ரசம் ஊற்றினாள்.

அன்றைக்குப் பூராவும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. போன வருசம் மாமன் மகள் புதுக் கார் வாங்கியபோது மெட்ராசில் போய்ப் பார்த்திருந்தாள். சீட்டில் பிளாஸ்டிக் கவர் அப்படியே இருந்தது. உட்கார்ந்தால் சரசர என்றது. உள்ளே ஒரு வாசனை, இதுவரைக்கும் எந்த மனுசரும் மூச்சு விடாத வாசனை. அப்படி ஒன்று தன் வாசலில் நிற்கப் போகிறது. அதில் முதலில் உட்காருகிறவள் பைரோஜா. அதற்கு முன்னால் யாரும் கிடையாது. யாரும் அதை வேறொருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட முடியாது. அந்த ஒன்று கிடைத்தால் போதும், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சீனிவாசகம் அண்ணாச்சி வந்தார். நாரணாபுரத்தில் கம்பெனி வைத்திருக்கிறவர். வியாபாரத்தைத் தாண்டி அசன் முகம்மதுவுக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி. தீபாவளி என்றால் அங்கிருந்து அதிரசம் வரும், பெருநாளைக்கு இங்கிருந்து பிரியாணி போகும்.

"தங்கச்சி, ஒரு சந்தோசமான சேதி," என்றார் உட்காருமுன்பே. "நம்ம பய மணிகண்டராஜ் ஸ்கார்பியோ எடுத்துட்டான். பழைய சாண்ட்ரோ சும்மா நிக்கிது. மூணு வருசம்தான் ஆகுது. உன் மதினி சுப்புலட்சுமி கோயிலுக்குப் போறதுக்குத்தான் எடுப்பா. வேத்தாளுக்குக் குடுக்க மனசில்ல. பாய்கிட்டச் சொன்னேன், ஃபியட்டுக்கு வர்ற காசே இதுக்குச் சரியாப் போயிரும். ஏசி இருக்கு. நம்ம புள்ள யாஸ்மினு படுத்துக்கிட்டே வரலாம்."

பைரோஜா காபித் தட்டோடு நின்றாள். நின்றவள் காபியைக் கொடுத்தாள், "சந்தோசம் அண்ணாச்சி," என்றாள், உள்ளே போனாள். அவர் குடித்துவிட்டுப் போகிற மட்டும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

அவர் போனதும் வந்தாள்.

"அண்ணாச்சி வீட்டம்மா ஏறி எறங்குன வண்டிலதான் நான் போகணுமாக்கும்."

"என்ன புள்ள இது? மூணு வருச வண்டி. கண்ணாடி மாதிரி இருக்கு."

"எனக்குப் புதுசு வேணும்."

"புதுசுன்னா லோன் போடணும். வட்டி கட்டணும். எங்க அத்தா காலத்துல இருந்து இந்த வீட்டுல வட்டி வாங்குனதும் இல்ல, குடுத்ததும் இல்ல. உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதற்குப் பதில் சொல்ல முடியாது என்பதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அப்ப எனக்கு வாச்சது பூராம் செகண்ட் ஹேண்டுதானா?"

அசன் முகம்மதுவுக்கு அந்தக் கேள்வியின் ஆழம் தெரியவில்லை. ஆம்பளைக்குத் தெரியாத ஆழம். அவர் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைத்து, சமாதானமாகச் சொன்னார்.

"ஓடுன வண்டிதான் புள்ள நல்லது. என்ஜினு நல்லாப் பழகியிருக்கும். புது வண்டின்னா நாமதான் பழக்கணும்."

"ஓகோ. பழகுன எடத்துலயே இருந்துட்டு, என்னைய வந்து பழக்குறதுக்கு உங்களுக்கு அலுத்துப் போச்சாக்கும்."

"பைரோஜா..."

"என்ன பைரோஜா? நீங்க ஆரு? நீங்களே எனக்குச் செகண்டு..."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. ஆனால் சொன்ன மாதிரிதான். அவர் முகம் சுண்டிப்போனது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குடோன் பக்கம் போய்விட்டார். மழைச் சத்தத்தையும் மீறிக் கட்டுகளை இங்கிருந்து அங்கே மாற்றி வைக்கிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாம் நாள் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மழைக்குள்ளேயே கீழே படுத்து அடியில் பார்த்தார். ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துப் பார்க்கிற மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பிடித்துவிட்டது. விலையில் தகராறே இல்லை. ஆர்.சி. புத்தகத்தை விரித்தபோதுதான் நின்றார்.

"இது ஹாஃபிஸா பீவிங்கிறவங்க பேர்ல இருக்குதுங்களே?"

"மவுத்தாயிட்டாக," என்றார் அசன் முகம்மது. "சாத்தூர்ல அவுக அத்தா அம்மாவும் இப்ப இல்ல. பேரு மாத்தல. புரோக்கர் ஒருத்தர்தான் அப்பப்ப எப்படியோ புதுப்பிச்சுக் குடுத்தாரு."

"அப்படீன்னா வாரிசுங்க கையெழுத்துப் போடணும். நீங்களும் உங்க பொண்ணும். அவங்க சம்மதிச்சாப் போதுமுங்க. நான் காத்திருக்கிறேன்."

பைரோஜா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வாரிசு. அவர் ஒருத்தர், யாஸ்மின் ஒருத்தி. மூன்றாவதாக அவள் இல்லை. சட்டமே அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று சேர்ந்து வந்தது. யாஸ்மின் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? எங்கம்மா வண்டி, நான் குடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? பதினெட்டு வருசம் வளர்த்தது எல்லாம் அந்த ஒரு சொல்லில் ஹாஃபிஸா பக்கம் போய்விடும்.

"நானே போய் வாங்கியாரேன்," என்றாள் புருசனிடம். அது மூன்று நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

மறுநாள் காலையில் நாரத்தங்காய் ஊறுகாயும், முந்தின நாள் சாத்தூர் போன ஆளிடம் வாங்கிவரச் சொன்ன காராச்சேவும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு யாஸ்மினைக் கட்டிக்கொடுத்த விருதுநகருக்குப் பஸ் ஏறினாள். திருத்தங்கல் தாண்டுகிற மட்டும் நிற்கத்தான் இடம் இருந்தது. வெளியே கரிசல் நனைந்து கன்னங்கரேல் என்று கிடந்தது. கையெழுத்துக்குரிய ஃபாரத்தைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று அவள் நாலைந்து விதமாகப் பேச்சை மனசுக்குள் தயார் செய்துகொண்டாள். எந்தப் பேச்சும் தேவைப்படவில்லை.

யாஸ்மின் சம்பந்தி வீட்டு மச்சில் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் பூரித்துக் கொஞ்சம் கறுத்திருந்தது. ஊறுகாய் மூடியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துச் சப்பிக்கொண்டே ஃபாரத்தைப் பார்த்தாள்.

"இதுக்கா மழைல வந்த? குடு. எங்கன போடணும்?"

"படிச்சுப் பாத்துட்டுப் போடு."

"என்னத்தப் படிக்க? அந்த வண்டியத் தொலைக்க மாட்டீகளான்னு நானே இருந்தேன். அதுல ஏறுனாலே எனக்கு வாந்தி வரும். உனக்குத்தான் தெரியுமே."

பைரோஜாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. யாஸ்மினுக்கு அந்தக் கார் ஒன்றுமே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு. அந்தத் தெம்பில்தான் நாக்கு தடம் புரண்டது. மகள் கையெழுத்துப் போடக் குனிந்ததும், இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை மகளிடம் சொல்லலாம் என்று தோன்றிவிட்டது.

"வித்துட்டு என்ன வாங்குறாரு தெரியுமா உங்கத்தா? சீனிவாசகம் அண்ணாச்சி ஓட்டிப் போட்ட வண்டி. எனக்குத் தாயி, வயிறு எரியுது. என் தலைல எழுதுனதே இப்புடித்தான். புருசன், வீடு, கட்டிலு, சட்டி பானை வரைக்கும். எனக்குன்னு வந்த எதையாவது நான் மொதல்ல பிரிச்சுப் பாத்திருக்கனா? எல்லாம் மூத்தவ ஒழப்பிப் போட்டுட்டுப் போனது. மிச்சம் மீதியவே வாரி வச்சுக்கிட்டு இம்புட்டுக் காலம் குடும்பம் பண்ணிருக்கேன்."

பேனா நின்றது. யாஸ்மின் நிமிரவில்லை.

"அதுல நானும் உண்டாம்மா?"

"என்ன தாயி?"

"புருசன், வீடு, கட்டிலு, சட்டி பானைன்னியே. அந்த வரிசைல நானுமா?"

பைரோஜா உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் பொய் சொல்லத் தெரியாத நாக்கு அவளுக்கு. ஏதோ ஒரு கோபத்தில், ஏதோ ஒரு ராத்திரியில், பெறாத பிள்ளையின் மூக்கைச் சிந்திவிடும்போது அப்படியும் நினைத்தது உண்டுதான்.

"வண்டியப் பத்திப் பேசிக்கிட்டிருந்தா நீ என்னமோ..." என்றாள்.

"சரி. வண்டியப் பத்தியே பேசு," என்று யாஸ்மின் கையெழுத்தைப் போட்டாள். ஃபாரத்தை மடித்து நீட்டினாள். "முதுகு வலிக்குது. சித்த படுக்கிறேன்."

சம்பந்தியம்மா டீ கொண்டுவந்து வைத்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், மருமகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று குறைப்பட்டாள். பைரோஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கிளம்பும்போது மச்சுப் பக்கம் பார்த்தாள். எப்போதும் தெருமுனை மட்டும் வந்து பஸ் ஏற்றிவிடுகிற பிள்ளை, ஜன்னலுக்குக் கூட வரவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தாளே தவிர, ஊர் வந்தது தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டி இறக்கிவிட்டார்.

அசன் முகம்மது மக்ரிப் தொழுதுவிட்டு வந்திருந்தார். அவள் ஃபாரத்தை மேசைமேல் வைத்தாள். முக்காட்டைக் கூட எடுக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"போட்டுட்டாளா? ஏதும் சொன்னாளா?"

"கேட்டா." அவளே எல்லாவற்றையும் சொன்னாள். தான் சொன்னதையும், மகள் கேட்டதையும், பதில் சொல்லாமல் வந்ததையும். சொல்லச் சொல்ல அவமானமாக இருந்தது. அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருக்கும்.

அவர் ஏசவில்லை. வந்து எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அந்த வண்டிய ஏன் இம்புட்டு நாள் வச்சிருந்தேன்னு நீ ஒருநாளும் கேட்டதில்ல."

"தெரிஞ்சதுதான. அவுக மேல உள்ள பிரியம்."

ஹாஃபிஸாவை மரியாதையாக 'அவுக' என்று அவள் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. இருவருமே அதைக் கவனித்தார்கள்.

"பிரியம் இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு இல்ல. வித்தா ஊரு உன்னையச் சொல்லும். எளையவ வந்தா, மூத்தவ சாமான வித்துத் தின்னுட்டாம்பாக. அதுக்குத்தான். எனக்கு அதுல ஏறி ஒக்காந்தாலே ஆகாது புள்ள. ஒவ்வொரு தடவையும் ஆகாது."

பைரோஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"கடைசியா அவள மதுரைக்கு அதுலதான் கொண்டு போனேன். கண்ணெல்லாம் மஞ்சளாயிருந்துச்சு. புள்ளைய மடில வச்சிருந்தா. எட்டு மாசம். வேற புள்ளைகள்லாம் ஆத்தா, தாத்தான்னு என்னமோ சொல்லும், இது வாயே தொறக்கல. வழி பூராம் அதுகிட்ட, 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு'ன்னே வந்தா. மூச்சு வாங்குது, விட மாட்டேங்கா. பேசாத, படுத்துக்கன்னேன். 'ஒருக்கச் சொல்லிட்டாப் போதுங்க, கேட்டுட்டுப் போயிருவேன்'னா. திருமங்கலம் தாண்டுற வரைக்கும் கேட்டா. அதுக்குப் பெறகு அவளுக்குப் பேச முடியல. இது சொல்லவே இல்ல."

வெளியே தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நீ வந்த மறு மாசம், அங்கன அடுப்படில நின்னு இடியாப்பம் பிழிஞ்சுக்கிட்டு இருந்த. இது தவந்து வந்து உன் சேலையப் பிடிச்சு அம்மான்னுச்சு. நீ திரும்பக்கூட இல்ல, 'இரு, கை வேலையா இருக்கேன்'ன. நான் வாசல்ல நின்னு கேட்டேன். உன்கிட்டச் சொல்ல வாய் வரல. அவளுக்குக் கெடைக்காதது இவளுக்கு இம்புட்டு லேசாக் கெடைச்சிருச்சேன்னு எனக்கு உன் மேலதான் கோவம் வந்துச்சு."

பைரோஜாவுக்கு அந்த நாள் நினைவில்லை. எவ்வளவு முயன்றும் நினைவு வரவில்லை. முதல் அம்மா என்ற வார்த்தை எந்தச் சட்டிக்கும் எந்தக் கரண்டிக்கும் இடையில் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அம்மா பசிக்குது, அம்மா பென்சில், அம்மா அவன் அடிக்கிறான். எத்தனை தடவை 'என்னடி உனக்கு' என்று எரிந்து விழுந்திருப்பாள்? ஒருத்தி மதுரை ரோட்டில் மூச்சிரைக்கக் கேட்டும் கிடைக்காததை, இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிப் போட்டிருக்கிறாள். அதை அவளுக்கு முன்னால் யாரும் பிரிக்கவில்லை. யாரும் தொடவில்லை.

அவள் எழுந்து மேசைமேல் இருந்த ஃபாரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அந்த வண்டியக் குடுத்துருங்க. ஊருக்காக ஒண்ணும் வச்சிருக்க வேணாம். ஊரு என்னையச் சொன்னாச் சொல்லட்டும். நீங்க இனி அதுல ஏற வேணாம்."

"புதுசுதான் வேணும்னியே?"

"அண்ணாச்சி வண்டியவே முடிங்க. ஏசி இருக்குல்ல? புள்ள வர்றதுக்குள்ள வந்துரணும்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சுப்புலட்சுமி மதினி சாமிக்குக் கட்டுன எலுமிச்சம்பழத்த மட்டும் கழட்டிக்கிடச் சொல்லுங்க," என்றாள். அவர் சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பார்த்தார்.

அப்போது போன் அடித்தது. அவர் எழுந்திருக்கப் போனார். பைரோஜா முந்திக்கொண்டாள்.

"அம்மா," என்றது யாஸ்மின் குரல். "போய்ச் சேந்துட்டியா?"

பைரோஜா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நனஞ்சியா? நான் கீழ வந்துருக்கணும். கோவத்துல படுத்துட்டேன். அம்மா? லைன்ல இருக்கியா? அம்மா?"

ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல் புதுசாக வந்து விழுந்தது. இதைக் கேட்க ஒருத்தி எங்கே இருந்து ஏங்குகிறாளோ என்று பைரோஜாவுக்குத் தோன்றியது. அடிபம்பு முன்னால் குடத்தோடு நின்ற சின்னப் பிள்ளை மாதிரி ஹாஃபிஸா எங்கோ நின்று, பைரோஜாவைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருப்பாள். எரியத்தானே செய்யும்? தனக்கு இத்தனை வருசம் எரியவில்லையா?

"என்னம்மா, அழுறியா?"

"இல்ல தாயி," என்றாள் பைரோஜா. "இன்னொருக்கக் கூப்பிடு. கொஞ்சம் சத்தமாக் கூப்பிடு."